விழித்திரைச் சில்லு: யாருக்கு உதவும், எப்படி வேலை செய்கிறது, எங்கே சிக்குகிறது

"கண்ணுல சிப்பு வெச்சிகினா பார்வை வந்துடுமாமே?" மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வை போனவர்கள் இருக்கும் வீடுகளில், வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கமெல்லாம் இந்தக் கேள்வி வரும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோதான் பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். சிலருக்கு, சில வகைக் கண் நோயில், கொஞ்சம் வரும் என்பதுதான் நேர்மையான பதில். யார் அந்தச் சிலர், எவ்வளவு அந்தக் கொஞ்சம் என்று புரிந்துகொள்ள, பார்வை எந்த இடத்தில் அறுந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குள் போகும் ஒளி, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் விழுகிறது. டாக்டர்கள் ரெட்டினா என்பது இதைத்தான். தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதற்குள் மூன்று அடுக்கு செல்கள் உண்டு. சுவரை ஒட்டிய அடுக்கில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன: மங்கல் வெளிச்சத்துக்கான கோல் செல்கள் சுமார் 12 கோடி, நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமான கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நடு அடுக்கில் இருமுனை செல்கள். கண்ணின் உள்பக்கம் பார்த்த அடுக்கில் கேங்ளியான் செல்கள், ஏறக்குறைய 10 லட்சம். இந்தக் கேங்ளியான் செல்களின் நீண்ட இழைகள் ஒரே கட்டாகச் சேர்ந்து வெளியேறுவதுதான் பார்வை நரம்பு. ஒளி மின்குறிப்பாக மாறுவது முதல் அடுக்கில் மட்டுமே. மற்ற இரண்டும் அந்தக் குறிப்பைச் சுருக்கி, கூட்டிக் கழித்து, மூளைக்கு அனுப்புகின்றன.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் முதல் அடுக்கு சாகிறது. கோல் செல்கள் முன்னால் போவதால் இருட்டில் தடுமாற்றம், பிறகு பக்கப் பார்வை சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பதுபோன்ற நிலை, கடைசியில் நடுப்பார்வையும் போகும். வயதானவர்களின் மாக்குலா சிதைவில் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் மட்டும் அதே அடுக்கு கருகுகிறது. இரண்டிலும் உள் அடுக்குகள் ஓரளவு மிஞ்சும். முற்றிய ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர்களின் கண்களை இறந்தபின் ஆராய்ந்ததில், நடு அடுக்குச் செல்களில் முக்கால் பங்குக்கு மேலும், கேங்ளியான் செல்களில் சுமார் 30 சதவீதமும் உயிரோடு இருந்தது தெரிந்தது. சில்லு தொழில்நுட்பம் முழுவதும் இந்த மிச்சத்தை நம்பித்தான் நிற்கிறது. செத்த செல் செய்த வேலையை மின்முனை ஏற்றுக்கொண்டு, உயிரோடிருக்கும் அடுத்த செல்லை மின்சாரத்தால் தட்டி எழுப்புகிறது.

ஆகவே யாருக்கு உதவாது என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. கண் அழுத்த நோயான கிளாக்கோமாவில் கேங்ளியான் செல்களும் நரம்பும் செத்துவிடுகின்றன. சில்லு தட்டினாலும் செய்தியை எடுத்துச் செல்ல ஆள் இல்லை. நரம்பு அறுந்த விபத்துக் கேஸ், சர்க்கரை நோயால் விழித்திரை இழுபட்டுக் கிழிந்த கண், வெகு நாள் பிய்ந்து கிடந்த விழித்திரை, இவற்றுக்கும் அதே பதில். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களை இந்தச் சோதனைகளில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் வடிவங்களைப் பார்த்துப் பழகாத மூளைக்குப் புள்ளிகளை உருவமாகச் சேர்க்கத் தெரியாது. கண்புரைக்கு லென்ஸ் மாற்று, கருவிழி வெண்மைக்குக் கருவிழி மாற்று என்று நன்றாக வேலை செய்யும் வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நோயாளியிடம் சில்லுக் கதை பேசுவது நேர விரயம்.

மாலைக்கண் எல்லாமே பரம்பரை நோயும் அல்ல. சின்னப் பிள்ளைக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்றால் வைட்டமின் ஏ குறைவா என்று பார்ப்பதே முதல் வேலை. அது மருந்தில் சரியாகிவிடும். பரம்பரை வகைதான் என்று உறுதியானால் மரபணுச் சோதனை செய்துகொள்வது நல்லது. அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகனைக் கட்டுவதும் வழக்கமாக உள்ள குடும்பங்களில் ஒரே பழுதான மரபணு இரு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு அதிகம். தாய், தந்தை இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். அந்தப் பழுது ஆர்.பி.இ.65 என்ற மரபணுவில் இருந்தால், 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஒன்று இருக்கிறது. அது உயிரோடுள்ள செல்லில்தான் வேலை செய்யும். செல் செத்தபின் சில்லு, சாவதற்கு முன் மரபணு சிகிச்சை. இந்த வரிசை தெரியாமல் "சிப்பு வரட்டும்" என்று காத்திருந்தால் கையில் இருந்த வாய்ப்பும் போய்விடும்.

சில்லை எங்கே வைப்பது?

மூன்று இடங்களில் முயன்றிருக்கிறார்கள். விழித்திரைக்கு முன்பக்கம், அதாவது கேங்ளியான் செல்கள் மேல். விழித்திரைக்குப் பின்பக்கம், செத்த ஒளி உணர் செல்கள் இருந்த இடத்தில். அதற்கும் பின்னால், இரத்தநாளப் படலத்துக்கும் வெளிவெள்ளைக்கும் நடுவே. மூன்றாவதை ஆஸ்திரேலியாவில் 24 மின்முனையோடு 2012-ல் தொடங்கினார்கள். அறுவை சுலபம், ஆனால் செல்களிலிருந்து தூரம் அதிகம்; மின்சாரம் வழியிலேயே பரவிவிடுகிறது.

முன்பக்க வகையில் பெயர் பெற்றது ஆர்கஸ் 2. ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013 பிப்ரவரியிலும் அனுமதி பெற்றது. கறுப்புக் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்ன கேமரா. அதிலிருந்து இடுப்பில் மாட்டிய பெட்டிக்கு ஒயர் போகும். பெட்டி படத்தை 60 எண்களாகச் சுருக்குகிறது. கண்ணாடியின் பக்கவாட்டில் உள்ள கம்பிச்சுருள் ரேடியோ அலையாக மின்சக்தியையும் செய்தியையும் சேர்த்து அனுப்புகிறது. கண்ணின் வெளிவெள்ளையில் தைத்த இன்னொரு சுருள் அதை வாங்கி, அருகிலேயே சீல் செய்த எலக்ட்ரானிக் டப்பாவுக்குத் தருகிறது. அங்கிருந்து மெல்லிய பட்டைக் கேபிள் கண்சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. முனையில் 6 × 10 வரிசையாக 60 பிளாட்டின மின்முனைகள், ஒவ்வொன்றும் 200 மைக்ரான் விட்டம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மாக்குலாவின் மேல் அந்தத் தகட்டை ஒரே ஒரு நுண்ணிய ஆணியால் குத்தி நிறுத்துகிறார்கள். கண்ணுக்குள் பேட்டரி கிடையாது. அதனால் சித்திரை வெயிலில் மூக்கு வியர்த்துக் கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கினாலே சுருளும் சுருளும் விலகி, படம் நின்றுபோகும். இது பழுது இல்லை, கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும். ஆனால் சொல்லிக்கொடுக்காவிட்டால் "கருவி செத்துப்போச்சு" என்று பயந்துவிடுவார்கள்.

பின்பக்க வகையில் தொடக்கம் தவறான கணக்கில் அமைந்தது. 2000-ல் அமெரிக்காவில் 2 மில்லிமீட்டர் அகலச் சிலிக்கான் வில்லை ஒன்றில் சுமார் 5,000 ஒளிச்செல்களை அடுக்கி விழித்திரைக்கு அடியில் வைத்தார்கள். வெளியிலிருந்து மின்சாரமே வேண்டாம், கண்ணில் விழும் வெளிச்சம் போதும் என்பது எண்ணம். அந்த வெளிச்சம் தரும் மின்னோட்டம் நரம்பைத் தூண்டும் அளவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜெர்மனியின் ஆல்ஃபா கருவிகள், 1,500 புள்ளி கொண்டதும் பிறகு வந்த 1,600 புள்ளி கொண்டதும், காதுக்குப் பின்னாலிருந்து ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்தன. பிரீமா என்ற கருவி வேறு வழியில் போனது. 2 மில்லிமீட்டர் சதுரம், 30 மைக்ரான் தடிமன், 378 புள்ளி. ஒயர் ஏதும் இல்லை. கண்ணாடியில் உள்ள கேமரா பிடித்த படத்தை, கண்ணுக்குத் தெரியாத 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியாக மாற்றிக் கண்ணுக்குள் வீசுகிறார்கள். வெயிலைவிடப் பல மடங்கு தீவிரம் என்றாலும் மிச்சமிருக்கும் இயல்பான பார்வைக்கு அது தெரியாது; சில்லின் ஒவ்வொரு புள்ளியும் சோலார் பேனல்போல அதையே மின்சாரமாக்கிக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பலாங்கர் குழுவின் வடிவமைப்பு இது.

60 புள்ளி என்றால் எவ்வளவு?

காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும் சிவப்புப் புள்ளிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வகைப் பலகையில் ஒரு ஆங்கில எழுத்துக்குக் குறைந்தது 5 × 7, அதாவது 35 புள்ளி வேண்டும். ஆர்கஸின் 60 புள்ளியில் ஒரு எழுத்து முழுசாக வரும், இரண்டாவது வராது. தமிழின் 'ணை', 'ஞ' எல்லாம் அந்தக் கட்டத்தில் நிற்கவே நிற்காது. பலகையில் புள்ளிகள் கூர்மையாக, ஒரே அளவில் எரியும். கண்ணில் ஒன்று வட்டமாகவும் ஒன்று நீளக் கோடாகவும் தெரியும், பக்கத்துப் புள்ளிகள் இரண்டு ஒன்றாகக் கலந்துவிடும், சிலது எரியவே எரியாது.

பரப்பும் குறைவு. ஆர்கஸ் காட்டும் காட்சி மூலைக்கு மூலை சுமார் 20 டிகிரி. கையை நேரே நீட்டி விரல்களை விரித்தால் வரும் ஒரு சாண் அவ்வளவுதான். அதனால் எதையும் தலையைத் திருப்பித் திருப்பித் துழாவித்தான் பார்க்க வேண்டும்.

நுணுக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் எந்த விளம்பரத்தையும் உரசிப் பார்க்கலாம். விழித்திரையில் ஒரு டிகிரி சுமார் 290 மைக்ரான். கண் அட்டையில் 6/6 பார்வை என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிவது, அதாவது சுமார் 5 மைக்ரான். புள்ளிக்குப் புள்ளி 100 மைக்ரான் இருந்தால் 20 மடங்கு மோசம், 6/120. அதையே 3/60 என்றும் எழுதுவார்கள். 2017-லிருந்து இந்தியாவின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் பார்வையிழப்புக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடும் இதே 3/60தான். ஆகக்கூடிய நுட்பத்தோடு செய்த 100 மைக்ரான் சில்லு, ஒருவரைச் சட்டத்தின் கணக்கில் அந்தக் கோட்டிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆர்கஸில் இடைவெளி 575 மைக்ரான்; கணக்குப்படி 6/700 அளவில்தான் வர வேண்டும். தலையசைத்துத் துழாவியதால் மிகச் சிறப்பாகச் செய்தவர் 20/1260, நம் அளவில் 6/378 எட்டினார். ஆல்ஃபாவில் சிறந்தது 20/546.

அப்படியானால் மின்முனைகளைச் சின்னதாக்கி நெருக்கி வைத்துவிட்டால் என்ன?

எல்லோரும் கேட்கும் இந்தக் கேள்வியில்தான் துறையின் முக்கால்வாசிச் சிக்கல் இருக்கிறது. கண்ணுக்குள் இருப்பது உப்புநீர். உலோகத்தில் எலக்ட்ரான் ஓடும், உப்புநீரில் அயனி ஓடும். இரண்டும் சந்திக்கும் பரப்பில் ஓரளவுக்கு மேல் மின்னூட்டத்தைத் தள்ளினால் நீர் பிரிகிறது: குமிழி வரும், அமில காரம் மாறும், உலோகம் கரையும், செல் சாகும். பிளாட்டினத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.35 மில்லிகூலோம் வரை என்று எடுத்துக்கொள்கிறார்கள், எச்சரிக்கையானவர்கள் 0.1 என்பார்கள்.

200 மைக்ரான் வட்டத்தின் பரப்பு 0.0314 சதுர மில்லிமீட்டர். 0.35 எல்லைப்படி ஒரு துடிப்பில் 110 நானோகூலோம் தள்ளலாம். துடிப்பு அரை மில்லிவினாடி என்றால் 220 மைக்ரோஆம்பியர். முன்பக்கக் கருவிகளில் புள்ளி தெரியத் தேவைப்படும் மின்னோட்டம் பல பத்திலிருந்து சில நூறு மைக்ரோஆம்பியர் வரை என்பதால் இது தாங்கும். விட்டத்தை 20 மைக்ரானாக்கினால் பரப்பு நூறில் ஒரு பங்கு. கிடைப்பது 2.2 மைக்ரோஆம்பியர் மட்டும். அந்த அளவுக்குக் கேங்ளியான் செல் திரும்பியே பார்க்காது.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பரப்பைச் சொரசொரப்பாக்குவது அல்லது இரிடியம் ஆக்ஸைடு பூசுவது. அதே வட்டத்தில் பல மடங்கு மின்னூட்டம் பாதுகாப்பாக நிற்கும். இரண்டு, செல்லை நெருங்குவது. பெரிய மின்முனை கொஞ்சம் தள்ளியிருந்தாலும் சமாளிக்கும், சின்ன மின்முனை தன் விட்டத்தைவிட அதிகம் விலகினாலே அதன் மின்புலம் பக்கத்து மின்முனையின் புலத்தோடு கலந்துவிடும். 100 மைக்ரான் இடைவெளியில் சில்லு வைத்து, அது விழித்திரையிலிருந்து 200 மைக்ரான் தூக்கி நின்றால் அந்த 100 மைக்ரானுக்கு அர்த்தமே இல்லை. விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் இந்த இடைவெளி தெரியும். அறுவைக்குப் பின் தூண்டல் அளவு ஏறிக்கொண்டே போனால் முதலில் பார்ப்பது அதைத்தான். எத்தனை மின்முனை என்ற எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு வரும் செய்திகளை நம்பாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். தூரத்தைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

துடிப்பு எப்போதும் இரட்டையாக வரும். முதலில் எதிர்மின், அடுத்து அதே அளவு நேர்மின். உள்ளே போட்டதை அப்படியே திருப்பி எடுத்துவிட வேண்டும். 100 மைக்ரோஆம்பியர், அரை மில்லிவினாடி, நொடிக்கு 20 முறை என்று ஓட்டும்போது இரண்டுக்கும் 10 சதவீதம் பொருந்தாமல் போனால் 100 நானோஆம்பியர் ஒரே திசையில் ஓயாமல் கசியும். நரம்புக் கருவிகளில் தாண்டக் கூடாது என்று பிடிக்கும் எல்லையே அவ்வளவுதான்.

புள்ளி ஏன் கோடாகிறது, படம் ஏன் மறைகிறது

முன்பக்கச் சில்லுக்கு ஒரு பிறவிக் குறை. கேங்ளியான் செல்களின் இழைகள் விழித்திரையின் மேல்பரப்பில்தான் ஊர்ந்து நரம்பை நோக்கிப் போகின்றன. மின்முனைக்கு அடியில் உள்ள செல்லைத் தட்டும்போது, எங்கோ தொலைவிலிருந்து வந்து அதே இடத்தைக் கடக்கும் இழையும் தட்டுப்படுகிறது. மூளைக்கு அந்த இழையின் சொந்த ஊர்தான் கணக்கு. அதனால் ஒரு புள்ளிக்குப் பதில் வளைந்த நீளக் கோடு தெரிகிறது. துடிப்பை 25 மில்லிவினாடி அளவுக்கு நீட்டினால் இழைகள் அதிகம் விழிக்காமல் இருமுனை செல்கள் விழிக்கின்றன, புள்ளி உருண்டையாகிறது. ஆனால் மின்னூட்டம் எகிறிவிடும், மேலே சொன்ன எல்லை வந்து இடிக்கும். பின்பக்கச் சில்லு இருமுனை செல்களின் பக்கமே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

மறைவது வேறு விஷயம். மின்முனை ஒரே இடத்தில் ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தால் ஒரு நொடிக்குள்ளேயே புள்ளி மங்கிவிடும். இயல்பான கண் ஓயாமல் நுண்ணியதாக அசைவதால் நமக்கு அது தெரிவதில்லை. பின்பக்கச் சில்லில் படம் கண்ணின் ஒளியியல் வழியாகவே போவதால் கண் அசைந்தால் படமும் நகரும். கேமரா கண்ணாடியில் இருக்கும் ஆர்கஸில் கண் அசைந்தாலும் படம் மாறாது. அதற்கும் மேலே ஒரு குழப்பம்: கண்ணை வலப்பக்கம் திருப்பியபடி நேர் எதிரே உள்ள தம்ளரைப் பார்த்தால், தம்ளர் வலப்பக்கம் இருப்பதாகவே மூளை சொல்லும், கை தவறிய இடத்துக்குப் போகும். பயிற்சியில் முதல் பாடமே கண்ணை நேரே நிறுத்தித் தலையை மட்டும் திருப்புவது.

பயிற்சி என்றால் மாதக்கணக்கு. அறுவைப் புண் ஆறியபின் ஒவ்வொரு மின்முனைக்கும் எந்த அளவில் புள்ளி தெரிகிறது, எந்த அளவில் கூசுகிறது என்று தனித்தனியாக அளக்க வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளைச் சதுரத்தைத் தொடுவது, கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வது, கதவைத் தேடுவது. வீட்டில் வெளுப்புக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடே கைகொடுக்கும். கருங்கல் மேடையில் வெள்ளைப் பீங்கான் தட்டு தெரியும், எவர்சில்வர் தட்டு பளபளப்பில் குழப்பும். ஆள் நிற்பது தெரியும், அது யார் என்று தெரியாது. வெள்ளைக் கோலை ஒருநாளும் ஓரமாக வைக்க முடியாது.

அறுவையும் அதற்குப் பின்னும்

ஆர்கஸ் அறுவைக்கு, கண்ணை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் கூழை முழுவதும் எடுத்து, கண்ணைச் சுற்றிப் பட்டை கட்டி, சுவரைத் துளைத்துக் கேபிளை நுழைத்து ஆணியடிக்க நான்கு மணி நேரம் வரை ஆகும். கண்ணின் நீளம் 20.5 மில்லிமீட்டருக்கும் 26-க்கும் நடுவே இருந்தால்தான் கேபிள் பொருந்தும். முதல் ஆய்வில் 30 பேரில் 11 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கடுமையான பக்க விளைவு வந்தது. டப்பாவின் விளிம்பு உரசி மேல்தோல் அரிப்பது, துளை வழியே கசிந்து கண் அழுத்தம் இறங்குவது, உள்ளே சீழ் பிடிப்பது போன்றவை. இவற்றில் பெரும்பாலானவை கண்சுவரைத் தாண்டிப் போகும் அந்த ஒயராலும் வெளியே தைத்த டப்பாவாலும் வந்தவை. பிரீமாவின் ஒயரில்லா வடிவத்தின் பெரிய லாபம் இதுதான். ஆனால் அதற்கு விழித்திரையை உப்புநீரால் தூக்கி அடியில் செருக வேண்டியிருப்பதால் இரத்தக் கசிவும் விழித்திரை பிய்வதும் அதன் சொந்த அபாயங்கள்.

அந்தப் பிரீமாவின் முடிவுகள் 2025 அக்டோபரில் வெளிவந்தன. ஐந்து ஐரோப்பிய நாடுகள், 17 மையங்கள், வயது மாக்குலா சிதைவுள்ள 38 பேர். ஓராண்டுக்குப் பின் பரிசோதித்த 32 பேரில் 26 பேர் கண் அட்டையில் குறைந்தது இரண்டு வரி, அதாவது 10 எழுத்து, கூடுதலாகப் படித்தார்கள். சராசரி முன்னேற்றம் சுமார் 25 எழுத்து. 27 பேர் வீட்டில் எண்களையோ சொற்களையோ படிக்கக் கருவியைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். கண்ணாடியில் உள்ள ஜூம் இதில் பாதி வேலை செய்தது என்பதை மறக்கக் கூடாது. ஜூம் பண்ணினால் எழுத்து பெரிதாகும், கண்ணில் படும் இடம் சுருங்கும். ஒரு சொல்லைத் துண்டு துண்டாகக் கோத்துத்தான் படிக்க வேண்டும். 38 பேரில் 19 பேருக்குக் கடுமையான பக்க விளைவுகள் வந்தன, பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் சரியாகின. இன்னொன்று, இந்த ஆய்வு நடந்தது மாக்குலா சிதைவுக்கு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்கு இதே பலன் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கம்பெனி மூடினால்?

ஆர்கஸ் உலகம் முழுவதும் 350-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டது. 2019-ல் அதைச் செய்த கம்பெனி தயாரிப்பை நிறுத்தியது, 2020-ல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பியது, 2022-ல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. பெட்டி பழுதானவர்களுக்கு மாற்றுப் பெட்டி கிடைக்கவில்லை. உள்ளே நல்ல நிலையில் இருந்த மின்முனைகள் அப்படியே இருட்டாயின. ஆல்ஃபா செய்த ஜெர்மன் கம்பெனியும் 2019-ல் மூடியது. பிரீமாவைத் தொடங்கிய பிரெஞ்சு கம்பெனி நொடித்து, 2024-ல் அமெரிக்காவின் சயின்ஸ் கார்ப்பரேஷன் அதை வாங்கியது.

ஆகவே இப்படி ஒரு ஆய்வில் சேரச் சொல்லி யாராவது வந்தால், குடும்பத்தார் எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் எந்த எண்ணில் இருக்கிறது? அறநெறிக் குழுவின் ஒப்புதல் எங்கே? வெளிப்பெட்டியும் கண்ணாடியும் எத்தனை ஆண்டுக்கு மாற்றித் தரப்படும், கம்பெனி இல்லாமல் போனால் யார் பொறுப்பு? எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் எந்த அளவு காந்தத்தில் எடுக்கலாம்? உள்ளிருப்பதை எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது? ஆய்வில் சேர்க்கிறேன் என்று பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். வேலூர் ஆரணி ரோட்டில் உள்ள சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை போன்ற இடத்தில் நோயின் பெயரையும் ஓ.சி.டி. அறிக்கையையும் முதலில் வாங்கிக்கொண்டால், எந்தச் செய்தி வந்தாலும் அது நமக்கா இல்லையா என்று பார்க்கக் கையில் ஒரு தாள் இருக்கும். மாற்றுத்திறனாளி அட்டையைச் சில்லு வரும் வரை தள்ளிப்போடத் தேவையில்லை.

கையால் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு

வேலூரில் பொறியியல் படிப்பவர்கள் ஒரே ஒரு மின்முனையை வைத்தே பாதிப் பாடத்தைக் கற்கலாம். 0.2 மில்லிமீட்டர் பிளாட்டினக் கம்பி ஒரு சென்டிமீட்டர் போதும். கண்ணாடிக் குழாயில் செருகி எபாக்ஸி ஊற்றி, கெட்டியானபின் குறுக்கே வெட்டி, நுண்ணிய எமரித் தாளில் தேய்த்தால் முனையில் ஆர்கஸ் அளவு வட்டம் கிடைக்கும். ஒரு லிட்டர் வாலை வடித்த நீரில் 9 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு. பாலாற்றங்கரை போர் தண்ணீர் வேண்டாம், அதன் சுண்ணாம்பு மின்முனையில் படிந்து அளவையே மாற்றிவிடும். சமையல் உப்பில் அயோடின் இருக்கிறது, அதுவும் வேண்டாம். மின்னோட்ட மூலத்தோடு 1 கிலோஓம் ரெசிஸ்டர் தொடரில் சேர்த்தால், அதன் குறுக்கே 0.1 வோல்ட் தெரியும்போது 100 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். எதிர்மின் அரை மில்லிவினாடி, சின்ன இடைவெளி, நேர்மின் அரை மில்லிவினாடி, நொடிக்கு 20 முறை.

ஆசிலோஸ்கோப்பில் வோல்டேஜ் முதலில் செங்குத்தாகத் தாவும், பிறகு சாய்வாக ஏறும். தாவல் உப்புநீரின் தடை. அதைக் கழித்துவிட வேண்டும். சாய்வுதான் மின்முனையின் உண்மையான நிலை. வெள்ளி, வெள்ளிக் குளோரைடு ஒப்பு மின்முனையோடு வைத்துப் பார்த்தால் பிளாட்டினத்துக்கு அது −0.6-க்கும் +0.8 வோல்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். தாண்டியதும் உருப்பெருக்கியில் குமிழி தெரியும். தொடரில் ஒரு கெபாசிட்டர் சேர்த்தும் சேர்க்காமலும் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தால் டி.சி. கசிவு என்ன செய்யும் என்பது மின்முனையின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

எபாக்ஸி சீல் கசியாமல் தாங்குமா என்று சோதிக்க அதே உப்புநீரை 67 டிகிரியில் வைத்து ஊறப்போடுவார்கள். 10 டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்ற தோராயக் கணக்கில், உடல் வெப்பத்தின் ஓராண்டு ஒன்றரை மாதத்தில் முடியும். எபாக்ஸி அந்த வெப்பத்தில் இளகும் ரகமாக இருந்தால் கணக்கு பொய்க்கும், கண்ணில் ஒருபோதும் வராத பழுதைத் துரத்திக்கொண்டிருப்போம்.

தகட்டை உள்ளே வைக்கும் கைப்பழக்கத்துக்கு ஆட்டுக்கண் ஏற்றது. மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய நெருங்கிய அளவு. கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் தலை வெட்டியதும் தனியாக எடுத்துத் தருவார்கள். ஈரத் துணியில் சுற்றி ஐஸ் மேல் வைக்க வேண்டும். நேரடியாக ஐஸ் நீரில் போட்டால் கருவிழி வீங்கி வெளுத்துவிடும், உள்ளே எதுவும் தெரியாது. காலையில் வாங்கியதை மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.